லெகோவில் மோட்டார் பின்னல் இயந்திரம் செய்வது எப்படி?

மூன்று நூல் பின்னலில் தொடங்குங்கள், அதுதான் எளிது. நூல்கண்டுகள் ஒரே வட்டத்தில் சுற்றினால் கயிறு முறுக்குமே தவிர பின்னல் விழாது. எட்டு வடிவப் பாதையில், ஒரு சக்கரத்திலிருந்து பக்கத்துச் சக்கரத்துக்குக் கைமாறி ஓட வேண்டும். இதற்கு 40 பல் சக்கரங்கள் இரண்டை, மையத்துக்கு மையம் 5 துளை, அதாவது 40 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள், ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். மோட்டார் அச்சில் 8 பல் சக்கரம் போட்டால் வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும்.

சிக்கலே கைமாறும் இடத்தில்தான். இரண்டு சக்கரங்களிலும் கண்டைத் தள்ளும் பள்ளங்கள் அங்கே நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கண்டு இடித்து நின்றுவிடும். மோட்டாரை மாட்டுமுன் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

அப்புறம், பின்னலை மேலே இழுக்கும் உருளைக்குப் புழுப் பல்சக்கரம் (worm gear, திருகாணி போன்ற பல்சக்கரம்) நல்லது. பின்னல் பின்னுக்கு நழுவாது.