ஓட்டாமலும் ஊர் போய்ச் சேரலாம்: வாசகர் கேள்வி பதில்

கடந்த சில வாரங்களாக வந்த கடிதங்களுள் பல, வாகனம் ஓட்டாமல் வாழ்வதைப் பற்றியே இருந்தன. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து நம்முடைய வீடுகளில் கார்ப் பேச்சு கூடியிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு நடுவில், ஓட்ட முடியாதவர்களும் ஓட்ட விரும்பாதவர்களும் ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலத் தலைகுனிந்து எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எனக்கும் சிறு வயதிலிருந்தே இடது கண்ணில் பார்வை குறைவு. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு நான் விண்ணப்பித்ததே இல்லை. பஸ்ஸிலும் ஆட்டோவிலும், வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவையிலும் நடந்துமே என் காலம் போயிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் பதில்களுக்கு வருகிறேன்.

கேள்வி: அக்கா, நான் கல்லடியில் வசிக்கிறேன். வயது 42. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் வெளிநாட்டில் உழைத்த காசில் போன வருடம் கார் வாங்கினார். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தவுடன் கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது. மூன்று தடவை பழகப் போய் மூன்று தடவையும் அழுதுகொண்டு திரும்பினேன். "வாசலில் கார் நிற்க பஸ்ஸில் போறியே" என்று மச்சாள் சொல்லிக் காட்டுகிறா. நான் கட்டாயம் பழகத்தான் வேண்டுமா?
– ஓர் ஆசிரியை, கல்லடி

பதில்: கட்டாயம் இல்லை, தங்கச்சி. ஆனால் "பழக மாட்டேன்" என்று முடிவெடுப்பதும், பயத்தினால் பழகாமல் போவதும் ஒன்றல்ல. முதலாவது உங்கள் விருப்பம். இரண்டாவது உங்கள்மேல் வேறொன்று எடுத்த முடிவு. உங்கள் கடிதத்தில் பழக்கியவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பக்கத்தில் இருந்து சத்தம் போடுகிறவரிடம் பழகப் போன பெண்கள் பலர் இதே நடுக்கத்தை எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவராக இருந்தால், பொறுமையுள்ள இன்னொருவரிடம், முடிந்தால் ஒரு பெண் பயிற்றுநரிடம், காலை ஆறு மணிக்கு வீதி வெறுமையாக இருக்கும்போது பத்து நாள் மட்டும் பழகிப் பாருங்கள். பத்து நாள் என்று முன்கூட்டியே எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நாளும் கை நடுங்கினால், அல்லது நடுக்கம் போனபின்னும் மனம் பிடிக்கவில்லையென்றால், அந்த அத்தியாயத்தை மூடிவிடலாம். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மச்சாளின் பேச்சை விட உங்கள் கணவரின் மௌனம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெயிலில் நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கக்கூடாது என்ற நினைப்பில்தான் அவர் அந்தக் காரை வாங்கியிருப்பார். நீங்கள் ஓட்டாவிட்டால் தன் உழைப்பை வேண்டாம் என்று தள்ளியதாக அவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. "நீங்கள் வாங்கியதை நான் மதிக்கிறேன், ஆனால் ஓட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை" என்பதை நேரே சொல்லிவிடுங்கள். அவர் விடுமுறையில் நிற்கும் நாட்களில் அவரே ஓட்ட, நீங்கள் பக்கத்தில் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டு போகலாமே.

இனி, நாளாந்தப் போக்குவரவு. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் வழி இலகுவாகியிருக்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அந்தத் துறையில் பாதை வரும்வரை காத்து நின்றவர்களை நான் அறிவேன். காற்றுக் காலத்தில் பாதை ஓடாமல், கையெழுத்திடும் நேரம் தவறிச் சம்பளம் வெட்டுப்பட்டவர்களும் இருந்தார்கள். இன்று உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு: பஸ், ஸ்கூட்டி, ஆசிரியர்கள் சேர்ந்து மாத வாடகைக்குப் பிடிக்கும் வேன். காருக்குப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் ஸ்கூட்டிக்குப் பயப்படுவதில்லை என்பதால் அதையும் ஒருமுறை யோசியுங்கள். வேன் என்றால், பாடசாலை விடுமுறை மாதங்களுக்கும் காசு கொடுப்பதா இல்லையா, ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அவருடைய பங்கை யார் ஏற்பது, சாரதி வராத நாளில் என்ன செய்வது என்ற மூன்றையும் தொடங்கும் முன்னரே பேசி எழுதிவையுங்கள். வேன் கூட்டுகள் உடைவதெல்லாம் இந்த மூன்றினால்தான்.

ஒரு காட்சியைச் சொல்ல விரும்புகிறேன். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போன ஒரு காலையில், பலகைமேல் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஏறும் தடதடப்புக்கு நடுவே, ஓர் ஆசிரியை கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் கொப்பிகளை அடுக்கி, அக்கரை வருவதற்குள் ஒன்பது கொப்பிகளைத் திருத்தி முடித்தார். ஒன்பதாவது கொப்பியில் சிவப்புப் பேனையால் சரி போட்டு மூடும்போது பாதை துறையில் முட்டியது. தினமும் அந்த வழியாகப் போகிறவர் என்பதால் முட்டும் கணம் அவருக்குத் தெரிந்திருந்தது. பேனையின் மூடியைப் பூட்டிக்கொண்டே எழுந்தார். ஓட்டாத ஒருவருக்குப் பயண நேரம் அப்படியே கைக்குக் கிடைக்கிறது. அதை நீங்கள் உறங்கவும் வைத்துக்கொள்ளலாம், தவறொன்றும் இல்லை.

கேள்வி: ஐயா/அம்மா, எனக்கு வயது 71. திருக்கோவிலில் இருக்கிறேன். கண் நீரழுத்த நோய் என்று சொல்லி, இனிமேல் வாகனம் ஓட்டவேண்டாம் என்று கண் வைத்தியர் சொல்லிவிட்டார். எனக்கோ எதிரே எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. கிளினிக், வட்டை (வயல்), வெள்ளிக்கிழமைக் கோயில் என்று எல்லாவற்றுக்கும் என் காரில் போய்ப் பழகியவன். இளமையில் உகந்தையிலிருந்து குமணக் காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தே போன என்னை இப்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். வைத்தியர் சொன்னதை அப்படியே கேட்கத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், திருக்கோவில்

பதில்: கேட்கத்தான் வேண்டும், ஐயா. "எதிரே தெளிவாகத் தெரிகிறது" என்று நீங்கள் எழுதிய அதே வரிதான் என்னைப் பயப்படுத்தியது. இந்த நோய் பெரும்பாலும் முதலில் பக்கப் பார்வையைத்தான் தின்கிறது. நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கக்கூடும். பார்வை போன இடம் கறுப்பாகவும் தெரியாது. மூளை அந்த இடைவெளியைத் தானாகவே நிரப்பிவிடுவதால், குறை இருப்பதே நோயாளிக்குப் புலப்படுவதில்லை. இப்போது நம்முடைய பிரதான வீதியை நினைத்துப் பாருங்கள். பாடசாலை விட்டவுடன் ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் பாயும் பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து வரும்? மாலையில் வீதிக்கு ஏறும் மாடு எந்தப் பக்கத்திலிருந்து வரும்? இரண்டும் உங்களுக்குப் பார்வை இல்லாத பக்கத்திலிருந்துதான் வரும். அக்கரைப்பற்று, கல்முனை போன்ற நெரிசலான நகரங்களில் இது இன்னும் மோசம்.

போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் துளி மருந்து. ஆகவே கண்ணுக்கு நோவில்லை என்று ஒரு நாளும் மருந்தை விடாதீர்கள். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் உங்கள் சகோதரர்களையும் நாற்பது வயது கடந்த பிள்ளைகளையும் கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காத விடயம்தான், ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

பிள்ளைகள் சொல்வதில் பாதிதான் சரி. ஓட்டக்கூடாது என்பது சரி, வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது சரியல்ல. நீங்கள் உகந்தையிலிருந்து நடந்தபோது தனியாகவா போனீர்கள்? தண்ணீர் எங்கே, இராத் தங்கல் எங்கே, யார் முன்னே, யார் பின்னே என்று கூட்டமாக யோசித்துத்தானே காட்டுக்குள் இறங்கினீர்கள். அதே யோசனையை இப்போது வெள்ளிக்கிழமைக்குச் செய்யுங்கள். ஒரு கொப்பியில் வாரத்தின் ஏழு நாட்களையும் எழுதி, எந்த நாளில் எங்கே போகவேண்டும், அங்கே பஸ் போகிறதா, ஆட்டோ தேவையா, யாரோடு சேர்ந்து போகலாம் என்று குறியுங்கள். கிளினிக் நாள் மாதத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கோயிலுக்கு அதே ஒழுங்கையிலிருந்து போகும் ஒருவர் இல்லாமல் இருக்கமாட்டார். வட்டைக்குத்தான் துணை வேண்டும். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் தினமும் போகத் தேவையில்லாத நாட்கள் எத்தனை என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

காரை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது முற்றத்தில் நிற்கும்வரை சாவி உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், பற்றரி, சேர்விஸ், எரிபொருள் என்று போன வருடம் செலவழித்த அனைத்தையும் ஒரு தாளில் கூட்டி, பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் ஒரு தனி உறையில் போட்டு, ஆட்டோவுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். என் சிறிய தகப்பனார் இதைச் செய்தார். உறையில் காசு இருந்தபடியால், ஆட்டோவுக்குக் கூலி கொடுக்கும்போது வீண்செலவு என்ற உறுத்தல் அவருக்கு வரவேயில்லை. பிள்ளைகளிடம் "கூட்டிக்கொண்டு போ" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டிய சங்கடமும் வரவில்லை.

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வேலை செய்கிறேன், வயது 29. சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். லீசிங் எடுத்துக் கார் வாங்க விருப்பமில்லை. பெண் பார்க்கும் இடங்களிலெல்லாம் "மாப்பிள்ளைக்கு வாகனம் இருக்கா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: "இல்லை, வாங்கவும் யோசனை இல்லை" என்று சொல்லுங்கள், தம்பி. மறைத்துக் கட்டிக்கொண்டால் பின்னர் தினமும் அதே கேள்விதான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது, ஆரம்பத்தில் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே கிடைத்தன. அந்த நாட்களில் சைக்கிள் வைத்திருந்தவர் நேரத்துக்கு வேலைக்குப் போனதை ஊர் மறந்துவிட்டது, நீங்கள் மறக்கவேண்டாம். ஆனால் ஒன்று: உங்கள் விருப்பம் உங்களுக்கு மட்டும் உரியது. வருகின்ற பெண் எங்கே வேலை செய்கிறார், எப்படிப் போவார், இரவு நேரக் கடமை உண்டா என்பதைப் பெரியவர்களிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள். அவருக்கு வாகனம் தேவையென்றால் அவர் வைத்திருக்கட்டும். நீங்கள் சைக்கிளிலேயே போகலாம். இரவில் போவதானால் முன்னும் பின்னும் விளக்குப் பூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் வெல்லாவெளிப் பக்கம். எனக்கு ஏழு மாதம். கணவர் கட்டாரில். மூத்த பிள்ளைக்கு நான்கு வயது. வீட்டில் மாமியும் நானும்தான், இருவருக்கும் எந்த வாகனமும் ஓட்டத் தெரியாது. இரவில் வலி வந்தால் என்ன செய்வது என்று நினைத்தால் நித்திரை வருவதில்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இரவில் யானை இறங்கும் பகுதி அது, கூப்பிட்டவுடன் ஆட்டோக்காரர் கிளம்பத் தயங்குவார். ஆகவே இந்த வாரமே சிலவற்றைச் செய்துவிடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இரவிலும் வரும். அந்த இலக்கத்தை மாமியின் தொலைபேசியிலும் பதிந்து, எப்படிப் பேசுவது என்று அவவுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு இலக்கத்தைவிட, பக்கத்தில் உள்ள கோயில், பாடசாலை, சந்தி, அங்கிருந்து எந்தக் கையில் திரும்பவேண்டும் என்பவற்றைச் சொன்னால்தான் இருட்டில் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். இந்த விபரத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். வலி நேரத்தில் சொந்த ஊரின் பெயரே வாயில் வராது. அம்புலன்ஸ் வரும்வரை டோர்ச்சோடு சந்தியில் நிற்க ஒரு பக்கத்து வீட்டுக்காரரை இப்போதே கேட்டு வையுங்கள்.

அதோடு ஆட்டோவோ வேனோ வைத்திருக்கும் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவரை மட்டும் நம்பவேண்டாம். இரவுக் கூலியைப் பகலிலேயே பேசி முடித்து, காசைப் பிரசவப் பையில் கர்ப்பிணி அட்டையோடு வையுங்கள். உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் இந்த நிலைமையைச் சொல்லுங்கள். திகதிக்குச் சில நாட்கள் முன்னரே வைத்தியசாலையில் அனுமதி பெறலாமா, எழுவான்கரையில் உறவினர் வீட்டில் தங்கலாமா என்று அவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம். இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், கடுமையான தலையிடியோடு கண் மங்குதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகிய எதற்கும் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மாமி உங்களோடு வரவேண்டியிருக்கும் என்பதால், மூத்த பிள்ளை அந்த இரவில் யார் வீட்டில் படுக்கும் என்பதையும் தீர்மானித்து, இப்போதிருந்தே வாரத்தில் ஓர் இரவு அங்கே படுக்கப் பழக்குங்கள்.