ஒரே வரிசை, பல மடிப்புகள்

கேள்வி: மனித டெலோமியரின் (குரோமோசோம் நுனியின்) 22 எழுத்து டி.என்.ஏ. துண்டை பொட்டாசியத்தில் மடித்தேன். சி.டி. வரைபடத்தில் (வட்டமுனைவு ஒளியின் உறிஞ்சல் வேறுபாட்டைக் காட்டுவது) 290 நானோமீட்டரில் முகடு, 265-270 பக்கம் ஒரு தோள். மாதிரியில் கலப்படமா?
- ஆய்வு மாணவி, கோவை

பதில்: கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள். ‘3+1’ கலப்பு மடிப்பின் கையெழுத்தே இதுதான்: ஒரே இழை நான்கு பகுதிகளாக மடிகிறது; அவற்றில் மூன்று ஒரு திசையில், ஒன்று எதிர்த்திசையில்.

நான்கு குவானின்கள் (டி.என்.ஏ.வின் ‘ஜி’ எழுத்து) சதுரமாகக் கைகோத்தால் ஒரு தட்டு. உங்கள் துண்டில் அப்படி மூன்று தட்டுகள், நடுவே பொட்டாசியம்; இதுவே ஜி-குவாட்ருப்ளெக்ஸ். தட்டுகள் மாறுவதில்லை, இழைப் பகுதிகளின் திசையும் அவற்றை இணைக்கும் டி-டி-ஏ வளையங்கள் போகும் வழியும்தான் மாறுகின்றன. சோடியக் கரைசலில் (1993, காந்த ஒத்ததிர்வு ஆய்வான என்.எம்.ஆர்.) நடு வளையம் தட்டின் மேல் குறுக்காகப் பாய்ந்து கூடை வடிவம். பொட்டாசியப் படிகத்தில் (2002) மூன்று வளையங்களும் விசிறி இறக்கைபோல் வெளியே; இழைப் பகுதிகள் எல்லாம் ஒரே திசை. நீர் குறைந்த நெரிசல் இந்த வடிவத்துக்குச் சாதகம். கரைசலில் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்தாலும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஒரே திசை மடிப்புக்கு முகடு 264, பள்ளம் 240. கூடைக்கு முகடு 295, பள்ளம் 265.

சந்தேகம் தீர: 5 மைக்ரோமோலார் டி.என்.ஏ., 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு ஹீட்டிங் பிளாக்கை அணைத்து அதிலேயே ஆறவிடுங்கள். உப்பில்லா ஒப்பீட்டுக்கு சோடியம் பாஸ்பேட் வேண்டாம், அந்தச் சோடியமே மடித்துவிடும். லித்தியம் பஃபர் போதும். 295 நானோமீட்டர் ஒளியில் அளந்தபடி உருக்கிப் பாருங்கள், சூடேற ஒளி உறிஞ்சல் குறைய வேண்டும். பத்து மடங்கு செறிவிலும் உருகுநிலை நகராவிட்டால், ஒற்றை இழைதான் தனக்குள் மடிந்திருக்கிறது.