கொறங்காடும் மரக்கன்றும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிப்பது என் வேலை. தண்ணீர் எவ்வளவு மிச்சம், மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்று வருஷா வருஷம் கணக்கெழுதுகிறேன். இதுவரை ‘சஸ்டெய்னபிள்’ என்று கேட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு பையர்கள் இப்போது ‘ரீஜெனரேட்டிவ்’, அதாவது கெட்டதை மீட்டெடுப்பது, என்று கேட்கிறார்கள். பழைய கள், புது மொந்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் மீட்டெடுப்பது பற்றி அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்: இயற்கைக்கு மனிதன் செய்யக்கூடிய பெரிய உதவி ஒதுங்கிப்போவதுதானே?

இன்னொன்று. வெள்ளகோவில் பக்கம் என் பங்குக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், வந்திருக்கிறது. சும்மாதான் கிடக்கிறது. ஒருவர் வருஷக் குத்தகைக்கு ஆடு மேய்க்கிறார். அவரை அனுப்பிவிட்டு, மரக்கன்று நட்டு வனமாக்கிவிடலாமா?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

மொந்தை விஷயத்தில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. லேபிளை மாற்றி ஒட்டினாலும் உள்ளே இருப்பது அதே சட்டைதான். ஒதுங்கிப்போவதே பெரிய உதவி என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உங்கள் ஊர் நொய்யல் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். அது சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ‘சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது’ என்ற நிபந்தனைக்குப் பல் முளைத்தது. அவசியமான காரியம், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கழிவை நிறுத்தியதும் கிணற்றில் ஏறிய உப்பு இறங்கிவிடுவதில்லை. நீங்கள் நிரப்பும் படிவத்தில் வாங்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண் பூஜ்ஜியம். கெடுதல் செய்யவில்லை என்பதற்கு மேல் எழுத அதில் இடமே இல்லை. மனிதன் என்றாலே சேதாரம் என்று முடிவுகட்டிவிட்டுத் தயாரித்த படிவம் அது.

இனி உங்கள் நாலு ஏக்கருக்கு வருகிறேன். கொறங்காட்டைச் ‘சும்மா கிடக்கிறது’ என்று சொன்னால் உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சிரிப்பார்கள். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் மழை குறைவு. பாதி நிலம் சரளை. அந்த நிலத்தை அவர்கள் கைவிடவில்லை, உழவுக்கு ஆகாததை மேய்ச்சலுக்கு ஆக்கினார்கள். சுற்றிலும் உயிர்வேலியாகக் கிளுவை, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மழை பெய்து நாலு மாதம் புல் இருக்கும். புல் காய்ந்த கோடையில் வெள்வேலின் காய் உதிரும், மாடும் ஆடும் அதைத் தின்று சமாளிக்கும். தின்ற காயின் விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். கெட்டித் தோல் விதை, அந்த வயிற்றுப் பயணம் அதற்கு நல்லதுதான். ஒரு காட்டில் மேய்ந்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டிப்போவார்கள், இது அதற்குள் தழைத்துக்கொள்ளும். காங்கேயம் மாடும் மயிலம்பாடி ஆடும் இந்தக் காட்டை நம்பித்தான் இருந்தன, காடும் அவற்றை நம்பித்தான் இருந்தது. அளவுக்கு மேல் மேய்த்தால் புல் வேரோடு போகும். மேய்க்காமலே விட்டால் தூர் முற்றி, காய்ந்த தாள் மூடிப் புதுத் துளிர் குறையும். ஆக, ஒதுங்கிப்போய்விட்டால் இது கொறங்காடாகவே இருக்காது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வந்து வெகுநாளாகிறது, இப்போது சோலார் தகடுகளும் வருகின்றன. கொறங்காட்டை வழித்தெடுத்துவிட்டுத் தகடு பதித்தாலும், அந்த மின்சாரம் உங்கள் அறிக்கையில் வரவாகத்தான் ஏறும். போன கொறங்காட்டைச் செலவில் எழுத அங்கே பத்தி கிடையாது.

மரக்கன்று பற்றிக் கேட்டீர்கள். அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுக்குப் போகவேண்டும். 1980-களின் தொடக்கத்தில் மராடி வட்டாரத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் பாலைவனத்தைத் தடுக்கக் கன்று நட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலானவை காய்ந்துபோயின. 1983-ல் ஒருநாள் மணல் பாதையில் வண்டி டயரின் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்திலிருந்த புதரின் இலையை உற்றுப் பார்த்திருக்கிறார். அது புதரே இல்லை, வெட்டிய மரத்தின் தூரிலிருந்து துளிர்த்த கிளைகள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்த மாதிரித் தூர்கள். அடியில் வேர் உயிரோடு இருக்கிறது. கம்பு விதைக்கும் முன் விவசாயிகள் வருஷா வருஷம் துளிரைச் செதுக்கி எடுக்கிறார்கள், அது மறுபடி துளிர்க்கிறது. அப்புறம் அவர் செய்யச் சொன்னது இவ்வளவுதான்: தூருக்கு நாலைந்து துளிரை விட்டுவிட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். செலவு ஒரு கத்தி.

கத்தி எல்லோரிடமும் இருந்தது. பிறகு ஏன் அதற்கு முன்பு யாரும் மரத்தை வளரவிடவில்லை? பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வனச்சட்டப்படி மரம் அரசாங்கத்துச் சொத்து. சொந்த நிலத்து மரத்தை வெட்டினாலும் அபராதம். வளர்ந்தால் தொல்லை என்னும்போது துளிரிலேயே கிள்ளிவிடுவதுதானே புத்தி! வனத்துறை கெடுபிடியைத் தளர்த்தி, வளர்த்தவருக்கே விறகும் காயும் என்றானதும் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது. இருபது வருஷத்தில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்க முடிந்தது. ரினாடோவுக்கு 2018-ல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். அங்கே ‘காவோ’ என்று ஒரு மரம் உண்டு, நம் வெள்வேலுக்குத் தூரத்துச் சொந்தம். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், கீழே இருக்கும் கம்புக்கு நிழல் விழாது. ஊரே காய்ந்து கிடக்கும்போது தழைத்து ஆட்டுக்குக் காய் கொடுக்கும். இப்படி ஒரு மரத்தைத்தான் அத்தனை காலம் களையென்று வெட்டியிருக்கிறார்கள்.

மீட்டெடுப்பது என்று நான் எழுதும்போதெல்லாம் என் மனதில் இருப்பது இந்த மாதிரி வேலைதான். நிலத்தில் ஏற்கெனவே எது உயிரோடு இருக்கிறது, அதை எழவிடாமல் அழுத்துவது எது என்று பார்ப்பது. அழுத்துவது பல நேரம் வெயிலோ மண்ணோ இல்லை, சட்டமும் குத்தகைச் சீட்டும்தான்.

அதனால் கன்றுக்குக் குழி தோண்டும் முன் ஒரு மழை முடியட்டும். ஆடு மேய்க்கிறவரோடு காட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே கொழுக்கட்டைப் புல் மெலிந்திருக்கிறது, எங்கே சீமைக்கருவேலம் நுழைந்திருக்கிறது, எந்தெந்த வெள்வேலங்கன்று தானாக முளைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முளைத்ததைச் சுற்றி முள்ளை வெட்டிப்போட்டால் போதும்.

குத்தகையையும் மாற்றி எழுதுங்கள். ஒரு வருஷத்துக்கு என்றால், கெடு முடிவதற்குள் கடைசிப் புல்வரை மேய்த்துவிட்டுத்தான் போவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஐந்து வருஷத்துக்குக் கொடுங்கள், பணத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வேலாங்காயும் கழித்த கிளை விறகும் அவருக்கே என்று எழுதுங்கள். பதிலுக்கு, மழைக்குப் பிறகு புல் விதை உதிரும்வரை படலைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். ஆட்டை அதுவரை எங்கே ஓட்டுவார் என்பதையும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த ஏற்பாடு இல்லாமல் சீட்டில் எழுதிப் பயனில்லை.

கன்று நடும் ஆசை அப்படியும் விடவில்லை என்றால், வேலியில் சந்து விழுந்த இடங்களில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றுங்கள். தண்ணீர் லாரி கேட்காது.