தீர்ப்புக்குக் காரணம் எழுத வைத்தவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பகுத்தறிவு பேசிய ஐரோப்பியத் தத்துவவாதிகளுக்கு முன்பும் நல்ல அரசர்கள் இருந்தார்கள், நீதியும் இருந்தது. அவர்கள் புதிதாக எதை மாற்றினார்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: அரசர் நீதி செய்தால் அது அவருடைய கருணை. செய்யாவிட்டால் ஏன் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. இங்கிலாந்தில் ராபர்ட் ஃபில்மர் எழுதி 1680இல் அச்சான நூல் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தது. ஆதாமுக்குக் கடவுள் தந்த தந்தை அதிகாரம் வழிவழியாக அரசர்களுக்கு வந்திருக்கிறது, ஆகவே குடிகள் பிள்ளைகளைப்போலப் பணிய வேண்டும் என்றது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுத்தார். ஆதாமின் உண்மையான வாரிசு இன்று யார் என்று எவராலும் காட்ட முடியாதே என்பது அவர் வாதங்களில் ஒன்று. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்காக மக்கள் சம்மதித்து ஏற்படுத்தியதே அரசு. அந்தக் காவலை விட்டுவிட்டு அதுவே பறிக்கத் தொடங்கினால் அதை மாற்றலாம். இதைச் சொன்ன நூல் 1689இன் இறுதியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. 1704இல் இறந்த லாக், தம் உயிலின் இணைப்பில்தான் அதைத் தம்முடையது என்று ஒப்புக்கொண்டார்.

அதிகாரத்தில் இருப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த மாற்றம். கீழே வரும் பதில்களையும் இந்த ஒரு இழையில்தான் கோத்திருக்கிறோம்.

கேள்வி: சட்டம் இயற்றுவது, நிர்வகிப்பது, தீர்ப்பளிப்பது என்று மூன்றையும் பிரித்துவிட்டால் போதும் என்றுதானே மான்டெஸ்க்யூ சொன்னார்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: பாடநூல்கள் அப்படித்தான் சுருக்கிவிடுகின்றன. மான்டெஸ்க்யூ பிரான்சின் போர்தோ நகர உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், இங்கிலாந்தில் தங்கி அதன் அரசமைப்பை நேரில் பார்த்தவர். 1748இல் வந்த அவருடைய நூலின் மையக் கருத்து, அதிகாரத்தை அதிகாரமே தடுக்கும்படி அமைக்க வேண்டும் என்பது. வெறுமனே பிரித்து வைத்தால் மூன்றும் தனித்தனிக் கோட்டைகளாகிவிடும். ஒன்றின் கை மற்றொன்றின் கதவில் இருக்க வேண்டும்.

1787இன் அமெரிக்க அரசமைப்பு இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். மசோதா இரு அவைகளிலும் நிறைவேற வேண்டும். குடியரசுத் தலைவர் ஞாயிறு நீங்கலாக 10 நாட்களுக்குள் அதைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் ஆட்சேபத்துக்கான காரணங்களையும் எழுதி அனுப்ப வேண்டும். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு மீண்டும் நிறைவேற்றினால் அவர் தடுத்தும் அது சட்டமாகிவிடும். நீதிபதியை அவர் நியமிக்க மேலவையான செனட்டின் ஒப்புதல் தேவை. நியமனம் ஆன பிறகு, பதவியில் இருக்கும்வரை நீதிபதியின் சம்பளத்தைக் குறைக்க முடியாது. சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர் தீர்ப்பையும் கையில் வைத்திருப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஏற்பாடு எங்கே பழுதாகும்? மூன்று இடங்களிலும் ஒரே கட்சிக்குக் கட்டுப்பட்டவர்கள் உட்காரும்போது. அப்போது காகிதத்தில் பிரிவினை இருக்கும், தடுக்க ஆள் இருக்காது. நம் பக்கத்துக்கு வந்தால், பிரிட்டிஷ் ஆட்சியில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்கச் சொல்லும் நம் அரசமைப்பின் 50ஆவது பிரிவு அதற்கான மாற்று.

கேள்வி: சித்திரவதை ஒழிந்ததற்குத் தத்துவவாதிகளா காரணம்? மனிதர்கள் தாமாகவே இரக்கம் கொண்டவர்களாக மாறவில்லையா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: இரக்கம் மட்டும் போதவில்லை. சித்திரவதை அன்றைய சட்டத்தில் கணக்குப் போட்டு வைத்த ஒரு படி. இரண்டு நேர்சாட்சிகள், அல்லது குற்றவாளியின் ஒப்புதல், இவையே முழு ஆதாரம். அரை ஆதாரம் மட்டும் இருந்தால் மீதியை ஒப்புதலால் நிரப்ப உடலை வதைக்கலாம். பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றம் கால் ஆதாரம், அரைக்கால் ஆதாரம் என்றெல்லாம் கூட்டியது என்றும், எட்டு வதந்திகள் சேர்ந்தால் அங்கே முழு ஆதாரமாகிவிடும் என்றும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சாடினார்.

அவர் மனத்தில் இருந்தது ழான் காலாஸ் வழக்கு. காலாஸ் துலூஸில் துணி வியாபாரி, புராட்டஸ்டன்ட். 1761 அக்டோபர் 13 இரவு அவருடைய மகன் வீட்டிலேயே பிணமாகக் கிடந்தார். தற்கொலை செய்தவர் உடலைத் தெருவில் இழுத்துச் செல்வது அன்றைய வழக்கம். அதற்கு அஞ்சிய குடும்பம், வெளியாள் யாரோ கொன்றதாக முதலில் சொன்னது. பிறகு அது தற்கொலை என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. மகன் கத்தோலிக்கராக மாற இருந்ததால் குடும்பமே கழுத்தை நெரித்தது என்று ஊர் பேசியது. சாட்சிகளை அழைக்கும் அறிவிப்பு தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. குடும்பம் கொன்றது என்பதை முன்பே முடிவு கட்டிய கேள்விகள்தான் அதில் இருந்தன. கேட்டால் கேட்டபடிதானே பதில் வரும்? விசாரணை மூடிய அறையில் நடந்தது. 1670இன் குற்ற நடைமுறைச் சட்டப்படி மரண தண்டனைக்குரிய வழக்கில் வழக்கறிஞர் துணை கிடையாது. வதைத்தும் காலாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1762 மார்ச் 10 அன்று சக்கரத்தில் எலும்பு முறித்துக் கொன்றார்கள்.

இந்த வழக்கை வால்டேர் கையில் எடுத்தபோது முதலில் செய்தது ஆவணங்களைக் கேட்டது. தீர்ப்பு சரியென்றால் வழக்குக் கட்டை ஏன் மறைக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியைப் பாரிஸ் முழுவதும் கேட்க வைத்தார். 1765 மார்ச் 9 அன்று காலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

அதற்கு முந்தைய ஆண்டு, இத்தாலியின் மிலானைச் சேர்ந்த 26 வயது பெக்காரியா தம் சிறு நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டிருந்தார். சித்திரவதை உண்மையைச் சோதிப்பதில்லை, உடலைச் சோதிக்கிறது என்பது அவர் வாதம். உடல் வலுவுள்ள குற்றவாளி தாங்கிக்கொண்டு விடுதலையாவான், நலிந்த நிரபராதி ஒப்புக்கொண்டு சாவான். நிரபராதிக்கு எப்படியும் நஷ்டம்தான்: ஒப்புக்கொண்டால் தண்டனை, தாங்கினால் செய்யாத குற்றத்துக்கு வலி. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் அல்ல, அது தப்பாமலும் தாமதமின்றியும் வரும் என்ற நிச்சயமே என்றார்.  1786 நவம்பர் 30 அன்று இத்தாலியின் டஸ்கனி அரசு மரண தண்டனையையே ஒழித்தது. நான்கே ஆண்டுகளில் கலகத்துக்கு அஞ்சி ஓரளவு மீட்டுக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் 1790 ஆகஸ்ட் சட்டம், தீர்ப்பில் அதற்கான காரணங்களையும் எழுத வேண்டும் என்று ஆக்கியது. என் கணிப்பில், அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெற்றி இதுதான்.

கேள்வி: இவர்களில் யாருக்காவது தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டா? (வாசகர், வந்தவாசி)

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1760இல் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். பாரிஸ் நீதிமன்றம் அரசரின் நலன்களுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பளித்து 1766 மே 9 அன்று அவர் தலையை வெட்டியது. பேச முடியாதபடி வாயைக் கட்டித்தான் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்கள். என்ன செயல், எந்தத் துரோகம் என்று தீர்ப்பு சொல்லவில்லையே என வால்டேர் இதிலும் வாதாடினார். அரசரின் ஆலோசனைக் குழு அந்தத் தீர்ப்பை ரத்து செய்த செய்தி 1778 மே மாதம், வால்டேர் மரணப் படுக்கையில் இருந்தபோது வந்து சேர்ந்தது. மே 30 அன்று இறந்தார்.

கேள்வி: பகுத்தறிவு பேசியவர்கள் பெண்களையும் அடிமைகளையும் விட்டுவிட்டார்களே? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

பதில்: பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். சுதந்திரத்தைப் பற்றி எழுதிய லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். இதை மூடி மறைப்பது அவர்கள் போற்றிய முறைக்கே துரோகம். ஆனால் அந்த முறையை வைத்தே அவர்களைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. 1790இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோந்தோர்சே எழுதினார்: சிந்திக்கவும் நன்மை தீமை உணரவும் வல்லவர் என்பதால் மனிதருக்கு உரிமை உண்டு என்றால், பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. பெண்களுக்குக் கர்ப்பம் வருகிறது என்பது தடை என்றால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூட்டுவாதம் வருகிற ஆணின் உரிமையை ஏன் பறிக்கவில்லை? பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் வந்தது. அடிமைமுறையை 1794இல் ஒழித்த பிரான்ஸ், 1802இல் நெப்போலியன் கையால் அதை மீட்டது. நிரந்தரமாக ஒழிந்தது 1848இல்.

கேள்வி: பகுத்தறிவின் பெயரால் பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரமும் வந்ததே? (வாசகர், கோவை)

பதில்: வந்தது. மக்களின் பொது விருப்பமே சட்டம் என்ற தத்துவவாதி ரூசோவின் கருத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், அதை யார், எப்படிக் கண்டறிவது என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள். 1794 ஜூன் 10 சட்டம், புரட்சி நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரை மறுத்தது. விடுதலை அல்லது மரணம், வேறு தீர்ப்பு இல்லை. காலாஸுக்கு மறுக்கப்பட்ட துணை மீண்டும் மறுக்கப்பட்டது.

கேள்வி: இவற்றை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? (போட்டித் தேர்வு மாணவர், மதுரை)

பதில்: 1789 ஆகஸ்ட் 26 பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்திலிருந்து. மொத்தம் 17 பிரிவுகள், ஒரே அமர்வில் படித்துவிடலாம். படிக்கும்போது ஓரத்தில் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2ஆம் பிரிவில் லாக், 6இல் ரூசோ, 8இல் பெக்காரியா, 16இல் மான்டெஸ்க்யூ. 15ஆம் பிரிவை இரண்டு முறை படியுங்கள். எந்த அரசு ஊழியரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது அது.