கணக்கு டீச்சர் பதில்கள்: 1729 புள்ளி வைக்க இடம் இருக்கிறதா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. கணக்கு நோட்டைத் திறந்தாலே முகம் சுருங்கிவிடுகிறது. மார்கழி வந்தால் மட்டும் விடியற்காலையில் எழுந்து வாசலை அடைத்து 15 புள்ளிக் கோலம் போடுகிறாள். இதையும் கணக்கையும் எப்படியாவது முடிச்சுப் போட முடியுமா?
(ஒரு அம்மா, விருத்தாசலம்)

முடிச்சு ஏற்கெனவே விழுந்துதான் இருக்கிறது அம்மா. அவிழ்த்துக் காட்டினால் போதும்.

15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி என்றுதானே வைக்கிறாள்? நடு வரிசையில் 15. அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8ல் நிற்கும். மொத்தம் எத்தனை புள்ளி என்று நாளைக் காலையில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். எண்ணத் தொடங்குவாள். ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் நீங்கள் திருத்த வேண்டாம். அவளே இன்னொரு தரம் எண்ணி 169க்கு வந்து சேருவாள்.

அப்புறம் சின்னக் கோலங்களுக்கு இறங்கச் சொல்லுங்கள். ஒற்றைப் புள்ளி என்றால் 1. 3 புள்ளி 2 வரை என்றால் 7. 5 புள்ளி 3 வரை, 19. 7 புள்ளி 4 வரை, 37. இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 1, 8, 27, 64 என்று வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். ஆமாம், கன எண்கள்.

தட்டையான கோலத்துக்குள் கனசதுரம் எப்படி வந்தது? வீட்டில் ரூபிக்ஸ் கியூப் இருந்தால் அதன் ஒரு மூலை நேராகக் கண்ணுக்கு எதிரே வரும்படி பிடித்துப் பார்க்கட்டும். மூன்று முகங்கள் தெரியும், வெளிக்கோடு அறுகோணமாக இருக்கும். தெரிகிற சின்னக் கட்டைகளை எண்ணினால் 19. அவற்றை வரிசையாகப் பார்த்தால் 3, 4, 5, 4, 3. அதே 5 புள்ளி 3 வரை! 27 கட்டை கொண்ட கனசதுரத்தில் முன்னால் தெரியும் 19 போனால் மீதி 8, அதாவது 2×2×2. ஒவ்வொரு கோலமும் ஒரு கனசதுரத்தின் மேல்தோல். உங்கள் மகள் போடும் 8 வரைக் கோலம் 8×8×8 கனசதுரத்தின் தோல்: 512 – 343 = 169. புள்ளி எந்த எண்ணில் முடிகிறதோ அதுதான் கனசதுரத்தின் பக்கம்.

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவளாக இருந்தால் இன்னொன்று. நேர்ப்புள்ளியில் செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நடுவே கம்பி குறுக்கே வெட்டிப் போகும்படி, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பும்படி போடட்டும். 3க்கு 4 வைத்தால் கை எடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்துவிடும். 3க்கு 3 வைத்தால் மூன்று தனிக் கம்பிகள் வேண்டும். 4க்கு 6 என்றால் இரண்டு. 6க்கு 9 வைத்தால் எத்தனை என்று போடுவதற்கு முன்னால் ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் சரியாக விழத் தொடங்கிய நாளில், பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி என்று சொன்னார்களே, அதுதான் இது என்று சொல்லலாம். முதல் நாளே சொல்லிவிட்டால் கோலமும் கசந்துபோகும்.

கேள்வி: டிசம்பர் 22 கணித தினத்துக்கு எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ராமானுஜன் படத்துக்கு மாலை, இரண்டு பேச்சு, ஒரு மிட்டாய். இந்த ஆண்டு பொறுப்பு என்னிடம். வேறு என்ன செய்யலாம்?
(இளம் ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்)

மிட்டாயை விட்டுவிடாதீர்கள் தம்பி, மற்றதை மாற்றிவிடலாம்.

பேச்சுகளில் கட்டாயம் வருவது 1729. உடல்நலமில்லாத ராமானுஜனைப் பார்க்க ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அதைப் புள்ளியாக வைக்க விடுங்கள். டிசம்பர் 22 மார்கழியில்தான் வருகிறது, மைதானம் இருக்கிறது, கோலமாவு இல்லையென்றால் சுண்ணாம்புத் தூள்.

மேலே விருத்தாசலம் அம்மாவுக்கு எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரியுங்கள். முதல் அணி ஒற்றைப் புள்ளியில் தொடங்கி 23 புள்ளி 12 வரை பன்னிரண்டு கோலங்களுக்குப் புள்ளி வைக்கட்டும். தனியாக இன்னொரு ஒற்றைப் புள்ளியும் வைக்கட்டும். இரண்டாம் அணி ஒற்றைப் புள்ளியிலிருந்து 19 புள்ளி 10 வரை பத்துக் கோலம், மறுபடி ஒற்றைப் புள்ளியிலிருந்து 17 புள்ளி 9 வரை ஒன்பது கோலம். இரு பக்கமும் தன் புள்ளிகளைக் கூட்டிப் பலகையில் எழுதட்டும். அங்கே 1728 + 1, இங்கே 1000 + 729. ஆகப் பெரிய கோலத்துக்கே 397 புள்ளி வேண்டும், அதனால் முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கொசுறு உண்டு. ஒரு பக்கம் 13 கோலம், மறு பக்கம் 19 கோலம். 1729 இந்த இரண்டாலுமே மீதியில்லாமல் வகுபடும். ஏன் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். புத்தகத்தில் இருக்கும் x³ + y³ சூத்திரத்தை யாராவது ஒரு பிள்ளை தேடிக்கொண்டு வரும்.

கோலமெல்லாம் பெண் பிள்ளைகள் வேலை என்று பையன்கள் ஒதுங்குவார்கள், விடாதீர்கள். இடைப்புள்ளியைச் சரியான இடைவெளியில் வைக்கத் தடுமாறப்போவது அவர்கள்தான். அன்றைக்கு அந்தப் பெண்களே கணக்கு டீச்சராக இருக்கட்டும்.

கேள்வி: புதிர், விளையாட்டு எல்லாம் சரி. பரீட்சையில் மதிப்பெண் வருமா?
(ஒரு தந்தை, நாமக்கல்)

பையனிடம் ஒரு நான்கு இலக்க எண் கேளுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இல்லாமல். 2013 என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் 3210, ஏறு வரிசையில் 0123. கழித்தால் 3087. அதையும் அப்படியே செய்தால் 8730 – 0378 = 8352. மறுபடி, 8532 – 2358 = 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும். கண்டுபிடித்தவர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர்.

கடன் வாங்கிக் கழித்தலில் ஐந்து கணக்குக் கொடுத்தால் உங்கள் பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போவான். இதில் 4317 கொடுத்துப் பாருங்கள். ஏழு கழித்தலையும் போட்டுவிட்டு அடுத்த எண் கேட்பான். நடுவில் ஒரு கழித்தல் தப்பானால் பாதை தடம் மாறும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் விடையோடு ஒப்பிட்டு எங்கே பிசகியது என்று அவனே தேடுவான். மதிப்பெண்ணுக்கு இதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும், சொல்லுங்கள்.

கேள்வி: பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வழி இருக்கிறதாமே? அந்தக் காலத்து அறிவே அறிவு!
(முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், பண்ருட்டி)

இருக்கிறது ஐயா. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது வெண்பா. 100 முள் என்றால் 120 சுளை.

பாட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் அது கணக்கு ஆகாது. நான் வேலையில் இருந்தபோது வகுப்பில் பழத்தை வைத்தே பார்த்திருக்கிறோம். முதல் சண்டை முள்ளிலேயே வந்துவிட்டது. காம்பைச் சுற்றி என்றால் முதல் வட்டம் மட்டுமா, இரண்டாவதுமா? ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். கடைசியில் சுளையை எண்ணியபோது யார் சொன்னதோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் எதை எண்ணுகிறோம் என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரு பழம் போதாது, பத்துப் பழமாவது வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். புள்ளியியல் பாடத்தை அதற்கு மேல் நான் நடத்தத் தேவைப்படவில்லை. சுளையைப் பங்கு போட்டதில் வகுத்தலும் மீதியும் வேறு வந்தன.

உங்கள் ஊரில் பழத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்துப் பள்ளிக்குப் பருவத்தில் நாலு பழம் அனுப்பி வையுங்களேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கணித உபகரணம் என்று எதுவுமே இல்லை. காசும் இல்லை.
(ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்)

புளியங்கொட்டை, தீக்குச்சி, பழைய கல்யாணப் பத்திரிகை. கடையில் வாங்கும் பெட்டிகளைவிட இவையே மேல் என்பேன், உடைந்துவிடுமோ என்று யாரும் பீரோவில் வைத்துப் பூட்டமாட்டார்கள். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் இப்படிப்பட்ட பொருள்களை வைத்தே காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவாகக் காரணமும் அவரே. அதற்கு நூறு ஆண்டு முன்பு, 1893இல், சுந்தர ராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்க ஒரு புத்தகம் எழுதினார். அச்சானது நம் மதராஸில்தான்.

நாளைக்கே செய்ய ஒன்று. பத்திரிகை அட்டையில் ஏதாவதொரு முக்கோணம் வெட்டச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு வடிவம். மிக நீளமான பக்கம் கீழே இருக்கட்டும். மேல் முனையை, மடிப்பு அடிப்பக்கத்துக்கு இணையாக இருக்கும்படி, அடிக்கோட்டைத் தொட மடியுங்கள். இடது முனையையும் வலது முனையையும் அதே புள்ளிக்கு மடியுங்கள். மூன்று மூலைகளும் ஒரே நேர்கோட்டில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிடும். 180 பாகை என்று பலகையில் எழுத வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் '50% + 20%' என்று போட்டிருந்தார்கள். 70% கழிப்பார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் குறைவாகத்தான் கழித்தார். ஏமாற்றுகிறாரா டீச்சர்?
(எட்டாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி)

இல்லை கண்ணு. 1000 ரூபாய்ச் சட்டையில் 50% போனால் 500. அந்த 500இல்தான் 20%, அதாவது 100 குறையும். நீ கொடுப்பது 400, ஆகத் தள்ளுபடி 60%. முதலில் 20% கழித்துவிட்டு அப்புறம் 50% கழித்தாலும் அதே 400தான், போட்டுப் பார்.

அடுத்த கடையில் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று எழுதியிருக்கும். அது எத்தனை சதவீதத் தள்ளுபடி, அம்மா ஒரே ஒரு சட்டைதான் வாங்குவதாக இருந்தால் எந்தக் கடை லாபம் என்று எழுதி அனுப்பு.