காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டு ஏன் வலிக்கிறது?

வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குச் சிக்குன்குனியா விட்டு 4 மாதமாகியும் விரல் மூட்டுகள் வீங்குகின்றன, இரத்தத்தில் வைரஸ் இல்லை, மனப்பிரமையா என்று கேட்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

நுளம்பு கடித்து நுழையும் வைரஸ் நம் கலங்களுக்குள் பெருகி அவற்றைச் சிதைக்கிறது. ஆனால் காய்ச்சலையும் வீக்கத்தையும் பெரும்பாலும் உண்டாக்குவது வைரஸுக்கு எதிரான உடலின் நோய் எதிர்ப்புதான். காய்ச்சல் விட்ட பிறகும் வலி ஏன் நீடிக்கிறது என்பதில்தான் சர்ச்சை. மூட்டுச் சவ்வில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏயின் எச்சம் தங்கி எதிர்ப்பைக் கிளறுகிறது என்கிறார்கள் சிலர். வைரஸ் முற்றாகப் போன பின்னும் எதிர்ப்பு அடங்க மறுக்கிறது என்கிறார்கள் மற்றவர்கள். சிலரது மூட்டில் எச்சம் கிடைத்தது, பலரிடம் கிடைக்கவில்லை. இரண்டும் நடக்கலாம் என்பதே என் எண்ணம்.

3 மாதம் தாண்டினால் அது நாட்பட்ட நிலை. மூட்டுவாத வைத்தியரிடம் காட்டுங்கள். இதற்கு அன்டிபயோடிக் வேண்டாம், அது வைரஸைத் தொடாது.