500 ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்து வணிகர் ஒருவர் ஐரோப்பாவில் எப்படித் தொழில் செய்தார்?

ஆண்ட்ரூ ஹாலிபர்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1492 முதல் 1503 வரை அவர் எழுதிய பேரேடு இன்றும் இருக்கிறது. நம்மூர் கமிஷன் மண்டிக்காரரை நினைத்துக்கொண்டால் அவர் தொழில் பாதி புரிந்துவிடும்.

இருந்தது நெதர்லாந்தின் மிடில்பர்க்கில். ஸ்காட்லாந்திலிருந்து கம்பளி, தோல், பீப்பாயில் உப்பிட்ட சால்மன் மீன் வரும். அக்கம்பக்கத்து புரூஜ், ஆன்ட்வெர்ப், பெர்கன்-ஓப்-சூம் சந்தைகளில் விற்று, சரக்கு அனுப்பியவர் பெயரில் வரவு வைப்பார். கப்பல் கூலி, சுங்கம், சுமைகூலி எல்லாம் பற்று. மீதிக்குப் பெரும்பாலும் பணம் போகாது, பொருள்தான் போகும்: துணி, ஒயின், மசாலா, கல்லறைக் கல்கூட!

பேரேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர ஆயர் (பிஷப்) வில்லியம் எல்ஃபின்ஸ்டனுடையது. 1495-ல் அங்கே பல்கலைக்கழகம் தொடங்கியவர் அவர்தான். கட்டட வேலைக்குத் தள்ளுவண்டிகூட ஹாலிபர்ட்டன் வழியாகத்தான் தருவித்தார். ரோமுக்குக் கட்ட வேண்டிய திருச்சபைப் பணத்தையும் ஹாலிபர்ட்டன் வங்கியாளர்கள் மூலம் செலுத்தித் தருவார். தங்கத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் ஆல்ப்ஸ் ஏற வேண்டியதில்லை.

நெதர்லாந்துப் பகுதியில் இருந்த ஸ்காட்லாந்து வணிகர்களின் உரிமைகளைக் காக்கும் 'கன்சர்வேட்டர்' பதவியும் அவரிடம் இருந்தது. வழக்கு, தகராறு என்றால் அவரிடம்தான் போவார்கள். வியாபாரியே நடுவராகவும் இருப்பது இன்று நமக்கு இடிக்கும். கல்யாணமும் அங்கேயே, ஓவியர் பெனிங் குடும்பத்தில்.